ஒரு நாள் தலை குனிந்தார்!

1866-ஆம் ஆண்டு, ஏப்ரல் 16. ருஷ்ய நாட்டின் அன்றைய தலைநகரான பீட்டர்ஸ்பர்க். சீமான்களும் தளபதிகளும் கூடிக் குடிப்பதற்கும் சீட்டாடுவதற்கும் என்றே அமைந்த ஆங்கில மன்றத்திலே அன்று ஒரு விருந்து. யாருக்கு? முராவியேவ் என்ற பெருந்தளபதிக்கு! 1863-ல் போலந்து மக்களும் லித்துவேனிய மக்களும் ஜார் ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது, அவர்களைத் தூக்குமரத்திலே தொங்கவிட்டு, தூக்கிலிடுவோன் என்ற பட்டப்பெயரையே தன் பெயரோடு ஒட்டவைத்துக்கொண்டவன் அவன்.

விருந்து முடிந்தது. ஒருவர் எழுந்தார். தளபதியின் அருகே சென்றார். எழுதிக் கொண்டுவந்த பாட்டைப் படித்தார். பாராட்டுப் பாட்டு! அரண்மனையிலே படியளப்பு வாங்கும் புலவர் பாடியிருந்தால் எவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். பாடியவரோ, உழவனின் கண்ணீரைப் பாடியவர். அடிமையின் முதுகிலே விழுந்த சவுக்கடியைப் பாடியவர். நாட்டு இளைஞர்களெல்லாம் நம்மவர் என்று நெஞ்சிலே வைத்துப் போற்றிய நிக்கலாய் நெக்ரசோவ்!

தோழர்களே, பெரியவர்களின் வாழ்க்கையை எழுதுவோர் பலர், அவர்களுடைய பிழைகளைப் பாய்க்கு அடியிலே தள்ளிவிட்டு, பாயின்மேல் மலர் தூவுவார்கள். அந்தப் பழக்கம் நமக்கு வேண்டாம். அவர் ஏன் எழுந்தார், எதைக் காப்பாற்ற அந்தக் கொலைகாரனின் எதிரே நின்றார் என்பதைத்தான் நாம் பார்க்கப்போகிறோம். அவர் காப்பாற்ற நினைத்தது தம் உயிரை மட்டுமன்று, ஓர் ஏட்டை!

1821-ல் பிறந்தான் நெக்ரசோவ். தந்தை பட்டாளத்திலிருந்து விலகிவந்த பண்ணையார். வோல்கா ஆற்றங்கரைக்கு அருகே கிரேஷ்னெவோ என்ற ஊரிலே பண்ணை. பண்ணை என்றால் நிலம் மட்டுமா? நிலத்தோடு ஆட்கள்! மாடு கன்றுபோல ஆணையும் பெண்ணையும் விற்கலாம், வாங்கலாம், சீட்டாட்டத்திலே பணயமாக வைக்கலாம். சட்டம் இடம் கொடுத்தது. சர்ச்சு வாய்மூடிக் கிடந்தது. பண்ணையாரின் சவுக்கு பேசியது. சிறுவன் பார்த்தான். ஆற்றங்கரைக்கு ஓடினால் அங்கே வேறொரு காட்சி. மார்பிலே வடத்தை மாட்டிக்கொண்டு, கூனிக் குனிந்து, முனகிக்கொண்டே படகு இழுத்துச் செல்லும் மனிதக் கூட்டம். காற்று இல்லாத நாளிலே படகை இழுப்பதற்கு மாட்டைவிட மனிதன் மலிவு! அந்த முனகல் அவன் காதை விட்டுக் கடைசிவரை போகவில்லை.

1838-ல், பதினாறு வயதிலே, தலைநகருக்கு அனுப்பினார் தந்தை. இராணுவப் பள்ளியிலே சேர் என்பது அவர் கட்டளை. பல்கலைக் கழகத்திலே படிப்பேன் என்பது மகனின் ஆசை. செய்தி தெரிந்ததும் தந்தை பணம் அனுப்புவதை அடியோடு நிறுத்திவிட்டார். பண்ணையார் வீட்டுப் பிள்ளை பட்டினி கிடந்தான். சாப்பாட்டு விடுதியிலே நுழைந்து, செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, மேசைமேல் இருந்த ரொட்டித் துண்டை நைசாக எடுத்துத் தின்ற நாட்கள் உண்டு. வாடகை பாக்கிக்காக அறையை விட்டு வெளியே தள்ளப்பட்டான் ஒரு முறை. பனி கொட்டும் தெருவிலே நின்றவனைப் பிச்சைக்காரன் ஒருவன் தன் கூட்டத்தார் தங்கும் குடிசைக்கு அழைத்துப் போனான் என்றும், அங்கே ஒருவருக்கு மனு எழுதிக் கொடுத்துப் பதினைந்து கோபெக் சம்பாதித்தான் என்றும் சொல்வார்கள்.

1840-ல் தட்டுத் தடுமாறி ஒரு கவிதைப் புத்தகம் போட்டான். காதலும் கனவும் நிலவும் நிறைந்த புத்தகம். பெலின்ஸ்கி என்ற திறனாய்வாளர் அதைக் கிழித்துப் போட்டார். இளைஞன் என்ன செய்தான்? திறனாய்வாளரின் குலத்தைக் கேட்டானா, கோத்திரத்தைக் கேட்டானா? இல்லை. கடை கடையாகச் சென்று தன் புத்தகத்தைத் தானே திரும்ப வாங்கி அழித்தான்! பிறகு அந்த பெலின்ஸ்கியிடமே போய்ச் சேர்ந்தான். அவரையே ஆசானாகக் கொண்டான். தம் எழுத்தைக் குறை சொன்னவரோடு பேச்சை முறித்துக்கொள்ளும் நம் எழுத்தாளர் சிலருக்கு இதை யாரேனும் படித்துக் காட்டினால் நல்லது.

பெலின்ஸ்கியும் ஏழைதான். கடற்படை மருத்துவரின் மகன், பல்கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர், காசநோய்க்காரர். ஆனால் அவர் எழுதும் ஒரு கட்டுரைக்காக மாதம் முழுதும் இளைஞர்கள் காத்துக் கிடப்பார்கள். கட்சி அமைக்க உரிமை இல்லாத நாடு. கூட்டம் போட வழி இல்லை. தேர்தல் என்ற சொல்லுக்கே வேலை இல்லை. எங்கே பேசுவது? எப்படிப் பேசுவது? ஒரே ஒரு மேடைதான் இருந்தது, மாத இதழ். இதழ் என்றதும் நான்கு தாள் என்று எண்ணிவிட வேண்டாம். தலையணைபோலத் தடித்த இதழ்! ஒரு தொடர்கதை, சில கவிதை, விஞ்ஞானம், வெளிநாட்டு நடப்பு, இவற்றுக்கிடையே புத்தக விமர்சனம் என்ற பெயரிலே, அரசாங்கத்தைப்பற்றிச் சொல்ல முடியாததையெல்லாம் ஒரு கதையின் பாத்திரங்களைப்பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிடும் கட்டுரை. தணிக்கை அதிகாரி அதைக் கதை விமர்சனம் என்று முத்திரை குத்துவார். வாசகனோ வரிக்கு நடுவே படிப்பான். சந்தா கட்ட வசதியற்ற மாணவனும் சிற்றூர் ஆசிரியனும் பிறர் வாங்கிய பிரதியைக் கைமாற்றிப் படிப்பார்கள். ஒருவர் படிக்கப் பலர் கேட்பார்கள். படிப்பகத்தைக் கண்ட நமக்கு அது விளக்கமின்றிப் புரியும்.

1845-ல் ஓர் இரவு. நண்பர் கிரிகோரோவிச் ஒரு கையெழுத்துப் படியோடு நெக்ரசோவைத் தேடி வந்தார். எழுதியவர் பெயர் தெரியாத இளைஞர். பத்துப் பக்கம் படித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தார்கள் இருவரும். பத்து நூறாயிற்று. விடிய விடியப் படித்தார்கள்; கண்ணீர் வழியப் படித்தார்கள். முடித்தபோது காலை நான்கு மணி. பொழுது விடியட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. ஓடினார்கள் எழுதியவன் வீட்டுக்கு. தூங்கவிருந்தவனைக் கட்டித் தழுவினார்கள். அந்த இளைஞன்தான் டாஸ்டாயெவ்ஸ்கி. அந்தக் கதைதான் 'ஏழை மக்கள்'. மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு பெலின்ஸ்கியிடம் ஓடினான் நெக்ரசோவ். 1846-ல் தான் வெளியிட்ட தொகுப்பிலே அதை அச்சேற்றினான். பிறர் எழுத்தைப் படித்துவிட்டு அதிகாலையிலே ஓடுகிறானே, அவன்தான் பத்திரிகாசிரியன்!

ஆம், இனி அவர் பத்திரிகாசிரியர். புது இதழ் தொடங்க ஜார் அனுமதி கொடுப்பதில்லை. ஆகவே பழைய இதழ் ஒன்றைக் குத்தகைக்கு எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. மகாகவி புஷ்கின் 1836-ல் தொடங்கி, அடுத்த ஆண்டே துப்பாக்கிச் சண்டையிலே மாண்டுபோனதால் அநாதையான 'சொவ்ரெமென்னிக்' என்ற இதழ் குற்றுயிராகக் கிடந்தது. 'சமகாலத்தவன்' என்று பொருள். நெக்ரசோவும் நண்பர் பனாயெவும் அதை எடுத்தார்கள். பனாயெவ் பணம் போட்டார். எழுத்தாளர் ஹெர்சனின் குடும்பம் கடன் கொடுத்தது. 1847 ஜனவரியில் முதல் இதழ். அதன் ஒரு மூலையிலே, சில்லறைச் செய்திகளுக்கென ஒதுக்கிய பகுதியிலே, உழவர் இருவரைப்பற்றித் துர்கனேவ் எழுதிய சிறு சித்திரம். வாசகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்! இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்றார்கள். உழவனுக்கும் அறிவு உண்டு, மானம் உண்டு என்று எழுத்திலே கண்டதும் அவர்கள் அசந்துபோனார்கள். அந்த மூலைச் சித்திரம் வளர்ந்துதான் 1852-ல் 'வேட்டைக்காரன் குறிப்புகள்' என்ற புத்தகமாயிற்று. முதல் ஆண்டிலே ஏறத்தாழ 2,000 சந்தா. மறு ஆண்டு 3,000-க்கு மேல்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதழிலே பெலின்ஸ்கிக்குப் பங்கு கொடுக்கவில்லை நெக்ரசோவ்; சம்பளம் மட்டும் கொடுத்தார். ஆசானின் மனம் புண்பட்டது. நோயாளிக்குப் பங்கு கொடுத்தால் அவருக்குப் பின் சிக்கல் என்று கணக்குப் பார்த்தார் என்பர். கணக்கு சரியாக இருக்கலாம். நமக்கு அது பிடிக்கவில்லை. 1848-ல் பெலின்ஸ்கி மறைந்தார்.

அதே 1848-ல் ஐரோப்பாவெங்கும் புரட்சி. பாரிசிலே முடி உருண்டது. பீட்டர்ஸ்பர்க்கிலே ஜார் நிக்கலசுக்கு நடுக்கம் கண்டது. தணிக்கை அதிகாரியையே தணிக்கை செய்ய ஓர் இரகசியக் குழு! அச்சுக்கூடத்திலே கோத்துவைத்த பாரம் பாரமாகச் சிவப்பு மை பாய்ந்தது. நாளைக்கு இதழ் வரவேண்டும். இன்றைக்கு நூறு பக்கம் காலி. என்ன செய்வார் ஆசிரியர்? உட்கார்ந்தார், பனாயெவாவும் உட்கார்ந்தார். அந்த அம்மையார் பனாயெவின் மனைவி, நெக்ரசோவோடு வாழ்ந்தவர். அந்தக் குடும்பக் கதையை ஊர்வம்பர்களுக்கு விட்டுவிடுவோம். இருவருமாகச் சேர்ந்து, காலியான பக்கங்களை நிரப்புவதற்கென்றே ஒரு நெடுங்கதையை மாதந்தோறும் எழுதினார்கள். கதையிலே குற்றம் தண்டிக்கப்படும், அறம் வெல்லும் என்று அதிகாரிகளுக்கு உறுதிமொழி வேறு!

பகலிலே பக்கம் நிரப்பினார், இரவிலே சீட்டாடினார். எவரோடு? அமைச்சர்களோடும் பெரிய அதிகாரிகளோடும். பெரும் பணம் வென்றார். ஏட்டுக்கு முட்டுப்பாடு வந்தபோது அந்தப் பணம் கைகொடுத்தது. எழுத்தாளர்களுக்கு முன்பணமாகப் போயிற்று. சூதாட்டத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. சீமானின் பை வழியாக வந்த காசு, சீமானைச் சாடும் எழுத்துக்குக் காகிதமாயிற்று என்று மட்டும் குறித்துவைக்கிறோம். ஆனால் அந்த மேசையருகே அமர்ந்து அமர்ந்து, அந்தக் கூட்டத்தைத் தாம் வசப்படுத்திவைத்திருப்பதாக ஒரு மயக்கம் அவருக்கு வந்துவிட்டதோ என்ற ஐயம் நமக்கு உண்டு. 1866-ல் அதற்கு விலை கொடுத்தார்.

1852-ல் காகேசிய மலைப் பகுதியிலிருந்து ஓர் உறை. உள்ளே ஒரு கதை. கீழே பெயர் இல்லை, இரண்டு எழுத்து மட்டும். படித்தார், போட்டார். பட்டாளத்தானாக இருந்த அந்த இளைஞன்தான் டால்ஸ்டாய். முதல் எழுத்துக்குப் பணம் கொடுப்பது வழக்கமில்லை என்று பதில் போனது. தலைப்பை வேறு மாற்றிவிட்டார் என்று டால்ஸ்டாய்க்குக் கோபம்! ஆயினும் அடுத்த கதையும் 'சமகாலத்தவ'னுக்கே வந்தது.

இப்போதுதான் கதையின் கடினமான இடம். 1850-களின் நடுவிலே இரண்டு இளைஞர்கள் இதழுக்குள் நுழைந்தார்கள். செர்னிஷெவ்ஸ்கி, டோப்ரல்யூபோவ். இருவரும் பாதிரிமார்களின் பிள்ளைகள். மதப் பள்ளியிலே படித்து, மதத்தை உதறிவிட்டு வந்தவர்கள். துர்கனேவும் டால்ஸ்டாயும் கிரிகோரோவிச்சும் பிரபுக்கள். விருந்திலே எந்தக் கரண்டியை எப்போது எடுப்பது என்று தெரியாத இந்தப் பிள்ளைகளோடு ஒரே மேசையிலே உட்காருவதா என்று முகம் சுளித்தார்கள். எழுத்திலே உழவனைத் தழுவலாம். பந்தியிலே பக்கத்து இருக்கை கொடுக்க முடியாது! இந்த நோய் ருஷ்யாவுக்கு மட்டும் உரியதா என்ன?

1856-ல் நெக்ரசோவின் கவிதைத் தொகுப்பு வெளிவந்து வேகமாக விற்றுத் தீர்ந்தது. அவர் வெளிநாட்டிலே இருந்தார். அந்த நேரத்திலே செர்னிஷெவ்ஸ்கி, தொகுப்பிலேயே காரசாரமான பாடல்களை இதழிலே மறுபதிப்புச் செய்துவிட்டார். அரசாங்கம் சீறியது, தொகுப்பின் அடுத்த பதிப்புக்குத் தடை, இதழுக்கு எச்சரிக்கை. திரும்பி வந்த ஆசிரியர் அந்த இளைஞரைக் கடிந்துகொள்ளவில்லை. இதழை நம்பி அவரிடமே விட்டார்.

1860-ல் வெடித்தது. துர்கனேவின் புதிய நாவலைப்பற்றி டோப்ரல்யூபோவ் ஒரு கட்டுரை எழுதினார். நாவலைக் காட்டிலும் நாட்டைப்பற்றிய பேச்சே அதிலே அதிகம். அச்சிடாதே என்றார் துர்கனேவ். என்னை வைத்துக்கொள், அல்லது அவனை வைத்துக்கொள் என்ற நிலைக்குக் கொண்டுபோனார். ஒரு பக்கம், பதினைந்து ஆண்டு நண்பர், நாடறிந்த எழுத்தாளர், இதழின் விற்பனைக்கே தூண். மறுபக்கம், இருபத்து நான்கு வயது, இளைத்த உடல், பாதிரி மகன். நெக்ரசோவ் கட்டுரையை அச்சிட்டார்! துர்கனேவ் போனார். டால்ஸ்டாயும் விலகியே நின்றார். இதழ் படுத்துவிடும் என்று பேசினார்கள். 1861-ல் சந்தா ஏறத்தாழ 7,000 ஆயிற்று. அந்த நாளிலே அது பெருந்தொகை. வாசகர் கூட்டமே மாறிவிட்டது. பிரபு வீட்டு வரவேற்பறையிலிருந்து மாணவன் அறைக்கு, சிற்றூர்ப் பள்ளி ஆசிரியன் வீட்டுக்கு ஏடு நடந்துவிட்டது.

அடிக்குமேல் அடி. 1861 நவம்பரில் டோப்ரல்யூபோவ் காசநோயால் மாண்டார், வயது இருபத்தைந்து. 1862-ல் இதழுக்கு எட்டு மாதத் தடை, ஜூலையில் செர்னிஷெவ்ஸ்கி கைது, கோட்டைச் சிறை. சிறைக்குள்ளே அவர் ஒரு நாவல் எழுதினார். 'செய்ய வேண்டியது என்ன?' என்று பெயர். விசாரணைக்காரர்களின் கையைத் தாண்டி அது நெக்ரசோவுக்கு வந்து சேர்ந்தது. அச்சுக்கூடத்துக்கு எடுத்துப்போகும் வழியிலே, பனிவண்டியிலிருந்து கட்டு விழுந்துவிட்டது! சிறையிலிருப்பவன் எழுதியது, வேறு படி கையிலே இல்லை. துடித்தார் மனிதர். செய்தித்தாளிலே விளம்பரம் கொடுத்தார். கண்டெடுத்தவருக்கு ஐம்பது ரூபிள். எந்தச் செய்தித்தாளிலே? நகரப் போலீசின் செய்தித்தாளிலே! ஏழைக் குமாஸ்தா ஒருவர் கொண்டுவந்து கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டார். 1863-ல் மூன்று இதழ்களிலே நாவல் வந்தது. விழித்துக்கொண்டு அரசாங்கம் தடை போட்டபோது, இளைஞர்கள் அந்த இதழ்களைக் கிழித்துத் தைத்துப் புத்தகமாக்கிக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். கையால் எழுதிப் படியெடுத்தார்கள். செர்னிஷெவ்ஸ்கி சைபீரியாவுக்குப் போனார்.

1866 ஏப்ரல் 4. கரகோசோவ் என்ற இளைஞன் ஜார் அலெக்சாந்தரைச் சுட்டான். குறி தவறியது. விசாரணைக்குத் தலைவன் முராவியேவ்! நகரெங்கும் கைது. எழுத்தாளர்கள் வீட்டிலே வண்டிச் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைத்தது. 'சமகாலத்தவன்' பூட்டப்படும் என்ற செய்தி காதுக்கு வந்தது. பத்தொன்பது ஆண்டு உழைப்பு; அதை நம்பிப் பிழைக்கும் எழுத்தாளர்கள்; ஊர் ஊராகக் காத்திருக்கும் ஆயிரமாயிரம் வாசகர்கள். ஆகவேதான் அந்த விருந்திலே எழுந்தார் நெக்ரசோவ்.

பாட்டைக் கேட்டு முகம் மலரவில்லை தளபதிக்கு. சுற்றியிருந்த சீமான்களே ஏளனமாகப் பார்த்தார்கள். வீடு திரும்பிய இரவிலேயே தம்மைத் தாமே குத்திக்கொண்டு சில வரிகள் எழுதினார் கவிஞர். சில வாரங்களிலே 'சமகாலத்தவன்' பூட்டப்பட்டது! மானமும் போயிற்று, ஏடும் போயிற்று.

நாம் என்ன சொல்கிறோம்? ஜாமீன் கட்டச் சொல்லி மிரட்டப்பட்ட ஏடுகளையும், பூட்டப்பட்ட அச்சகங்களையும் நம் நாடும் கண்டது. எத்தனை வாசகர் முகம் அப்போது ஆசிரியனின் கண்முன் வரும் என்பதை அறிவோம். ஆயினும் நெக்ரசோவ் செய்தது தவறு. இதழ் அவருடையது மட்டுமா? கோட்டைச் சிறையிலே கிடந்தவனுடையது. இருபத்தைந்திலே மண்ணுக்குப் போனவனுடையது. கடன் வாங்கிப் படித்தவனுடையது. அவர்கள் எவரும் முராவியேவைப் பாடச் சொல்லவில்லை. கழுத்திலே கயிறு போடுபவனிடம் கவிதை படித்தால் முடிச்சு தளரும் என்று அவர் நம்பினாரே, அந்தக் கணக்கு அவர் போட்ட கணக்குகளிலேயே மட்டமான கணக்கு.

பழைய நண்பர்கள் முகம் திருப்பினார்கள். மாணவர்களிடையே ஒரே கசப்பு. அந்த வேளையிலே பெயர் போடாத ஒரு கவிதை அஞ்சலில் வந்தது. அனுப்பியவர் யாரோ ஒரு வாசகர். உங்களைப்பற்றிப் பேசிக்கொள்வது உண்மையாக இருக்க முடியாது, நான் நம்பமாட்டேன் என்பது அதன் சாரம். வசைகளைக் காட்டிலும் அந்த நம்பிக்கை அவரை அதிகம் சுட்டது. 1867-ல் அந்த முகந்தெரியாத நண்பருக்குக் கவிதையிலேயே பதில் எழுதினார், குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டு மூலையிலே உட்கார்ந்தாரா? 1868-ல், ஒரு காலத்திலே போட்டியாளராக இருந்த கிரயெவ்ஸ்கியிடமிருந்து 'தாயகக் குறிப்புகள்' என்ற இதழைக் குத்தகைக்கு எடுத்தார். அங்கத எழுத்திலே அரசாங்கத்தின் தோலை உரித்த சால்டிகோவை அருகே அமர்த்திக்கொண்டார். மறுபடியும் சிவப்பு மை, மறுபடியும் காலிப் பக்கம், மறுபடியும் சந்தா. ஏழு உழவர்கள் நாடெங்கும் நடந்து, ருஷ்யாவிலே இன்பமாக வாழ்பவன் எவன் என்று தேடும் தம் பெருங்காவியத்தைத் துண்டு துண்டாக அதிலே வெளியிட்டார். கருத்திலே வெகு தூரம் விலகிப்போயிருந்த டாஸ்டாயெவ்ஸ்கியின் வீட்டுக்கு ஒரு நாள் தாமே சென்று, நாவல் கேட்டு வாங்கி, 1875-ல் போட்டார்.

அதற்குள் குடலிலே புற்றுநோய். 1877-ல் வியன்னாவிலிருந்து பில்ரோத் என்ற பெயர்பெற்ற மருத்துவர் வந்து அறுவை செய்தார். பயனில்லை. படுக்கையிலே கிடந்தவரின் காவியப் பகுதி ஒன்றைத் தணிக்கை அதிகாரி அந்த நிலையிலும் வெட்டி எறிந்திருந்தான். அந்த ஆண்டின் பிற்பகுதியிலே ஒரு செய்தி வந்தது. வில்யுய்ஸ்க் என்ற சைபீரிய மூலையிலிருந்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையும் தனிமையுமாகக் கிடந்த செர்னிஷெவ்ஸ்கி, உறவினருக்கு எழுதிய கடிதத்திலே, நெக்ரசோவ் உயிரோடிருந்தால் தன் அன்பைத் தெரிவிக்கும்படி சொல்லியிருந்தார். தெரிவித்தார்கள். முராவியேவுக்குப் பாடியவர் என்று வெறுக்க உலகிலே எவருக்கேனும் முழு உரிமை இருந்தது என்றால், அந்தக் கைதிக்குத்தான் இருந்தது.

ருஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி 1877 டிசம்பர் 27-ல், இன்றைய கணக்கிலே 1878 ஜனவரி 8-ல், நெக்ரசோவ் இறந்தார். செய்தி கேட்ட டாஸ்டாயெவ்ஸ்கி அவர் கவிதைத் தொகுதிகளை எடுத்து வைத்துக்கொண்டு இரவு முழுதும் படித்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கதையை நெக்ரசோவ் படித்ததுபோல.

கடுங்குளிரிலே ஆயிரக்கணக்கானோர் சவத்தைத் தொடர்ந்து நடந்தார்கள். பெரும்பகுதி மாணவர்கள். பெட்டியைத் தோளிலே சுமந்தார்கள். கல்லறையருகே டாஸ்டாயெவ்ஸ்கி பேசினார். புஷ்கினுக்கும் லெர்மொந்தோவுக்கும் அடுத்தபடி நிற்கத் தக்கவர் என்றார். கூட்டத்திலிருந்து இளைஞர்கள் குறுக்கிட்டுக் கத்தினார்கள், அடுத்தபடி அல்ல, அவர்களைவிட மேல் என்று! மேல் இல்லை, ஆனால் கீழும் இல்லை என்று விட்டுக்கொடுத்தார் பேச்சாளர். இளைஞர்கள் விடவில்லை. அந்தக் கூட்டத்திலே நின்றும் பேசியும் போனவர்களில் ஒருவன் இருபத்தோரு வயதுப் பிளெகனோவ். பின்னாளிலே ருஷ்யாவிலே மார்க்சியத்துக்கு வழி வகுத்தவன். 'தாயகக் குறிப்புகள்' சால்டிகோவின் கையிலே மேலும் ஆறு ஆண்டு ஓடி, 1884 ஏப்ரலில் அரசாங்கத்தால் பூட்டப்பட்டது.